இடது கோடியில் ஒரு சிப்பாய்

ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்திவிட்டு வசுமதி கையை எடுத்தாள். இரண்டு கட்டம் வைத்திருந்தால் தொலைந்தாள். ராணிக்கு முன்னால் நிற்பதைத் தொட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் தொலைந்திருப்பாள். இந்த ஆட்டத்தில் ஆரம்பம்தான் எல்லாம், நடுவில் வந்து யாரும் எதையும் சரிசெய்ய முடியாது என்று கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுத்ததே எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த மனுஷன்தான். தோத்தாங்கோளி செஸ் என்று பெயர் வைத்ததும் இவர்தான். எல்லாக் காயையும் முதலில் பறிகொடுக்கிறவர் ஜெயித்தவர். வெட்டக் கிடைத்தால் வெட்டியே தீர வேண்டும், வயிறு நிறைந்துவிட்டது வேண்டாம் என்று சொல்ல முடியாது. ராஜாவுக்குத் தனி மரியாதை கிடையாது, அவரும் போனால் போகட்டும். அது போக இந்த வீட்டுக்கென்று இவர், சந்தானம், போட்ட ஒரு சட்டம்: வெட்ட வேண்டியதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்தினால், எதிராளி அதைச் சுட்டிக்காட்டிவிட்டால், அங்கேயே அவுட். மேல்முறையீடு கிடையாது. மகன் பிரசன்னா சின்னப் பையனாக இருந்தபோது இந்தச் சட்டத்தில் மாட்டி எத்தனை முறை அழுதிருக்கிறான். "கண்ணு எங்கடா இருந்துச்சு?" என்று கேட்பார். பெற்ற பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய காலத்தில் மாணவர்களிடம் கேட்டுக்கேட்டு நாக்கில் ஒட்டிப்போன கேள்வி. இப்போது பெங்களூரில் அவன் தன் மகளோடு சாதாரணச் செஸ்கூட ஆடுவதில்லை, கேரம்தான். கார்ச் சாவி நைட்டி பாக்கெட்டில் தொடையை உறுத்தியது. "ஒரே ஆட்டம், நான் ஜெயிச்சா சாவியைக் குடுத்துடணும். சாயங்காலம் தஞ்சாவூர் ரிசப்ஷனுக்கு நான்தான் ஓட்டுவேன்," என்றார் காலையில், இட்லியின் வலது பாதியை மட்டும் தின்றுவிட்டு. "நான் ஜெயிச்சா?" என்றாள். "டாக்டர் சொல்ற வரைக்கும் வண்டிப் பக்கமே போகமாட்டேன், சத்தியம்." "அப்ப தோத்தாங்கோளி செஸ்தான் ஆடுவேன்." சிரித்தார். சாதாரணச் செஸ்ஸில் அவளுக்கு ஒரு நாளும் பிடி கொடுக்காதவர் இந்த ஆட்டத்தில் மட்டும் அவளைக் கொஞ்சம் மதிப்பார். கொடுத்துக் கொடுத்தே காரியத்தைச் சாதிக்கிற வித்தை உனக்குக் கைவந்தது என்று ஒரு தரம் சொன்னார். பாராட்டா திட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் தன் குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். வலது பக்கக் குதிரை. அவருக்கு வேறு குதிரை ஏது? அங்கேதான் இருந்தது விஷயம். அடுப்பில் குக்கர் இன்னும் சத்தம் போட ஆரம்பிக்கவில்லை. வெளியே தெருவில் கீரைக்காரன் மைக்கில் கத்திக்கொண்டு போனான். அவள் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் வைத்தாள், சும்மா, காலத்தைக் கடத்த. மூளையில் வலது பக்கம் அடி மேடம், என்றிருந்தார் ஆஸ்பத்திரியில் டாக்டர், கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மனசு விட்டுவிட்டது. விட்டுவிட்டது என்றால்? அவருக்குத் தெரியுமா? "தெரியாது. இருட்டாத் தெரிஞ்சா இருட்டுன்னாவது சொல்வாரு. இவருக்கு அங்க ஒண்ணுமே இல்ல. உங்க முதுகுக்குப் பின்னால என்ன தெரியுது உங்களுக்கு? கறுப்பாவா இருக்கு? அது மாதிரி." அன்றிலிருந்து வசுமதிக்கு முதுகு கூசுகிறது. தட்டில் வலது பக்கத்துச் சோறு தீர்ந்ததும் போதும் என்பார், இடது பக்கம் பொரியல் ஆறிக் கிடக்கும். அவர் தண்ணீர் குடிக்கும் நேரம் பார்த்துத் தட்டைத் திருப்பிவைப்பாள். "இன்னும் இருக்கா, எப்ப போட்ட?" என்று சாப்பிடுவார். பாதி முகம் சவரம் செய்துகொண்டு வந்து நிற்பார். ஒரு பக்கம் ஆபீசர், ஒரு பக்கம் சாமியார். துண்டால் துடைக்கிற சாக்கில் மீதியை அவளே வழித்துவிடுவாள். நாற்காலியை அவருக்கு வலது பக்கமாக மாற்றிப் போட்டாள், பிரசன்னா வீடியோவில் கூப்பிட்டால் போனை வலது பக்கம் பிடித்தாள். "அப்பா நல்லாத் தேறிட்டாரும்மா!" தேறிவிட்டார்தான். நடக்கிறார், பேசுகிறார், பேப்பரில் பாதிப் பாதி வரியாகப் படித்துவிட்டு இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு வாக்கியம் உருப்படியாக எழுதத் தெரியவில்லை என்று திட்டுகிறார். தட்டைத் திருப்பித் திருப்பி ஒரு முழு மனுஷனைச் செய்து ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கலாம். ஒரு முறை சொன்னாள். "இடது பக்கமும் கொஞ்சம் பாருங்க." "பார்த்துட்டுத்தானே இருக்கேன், உனக்கு என்ன ஆச்சு?" அந்த முகத்தில் ஒரு பொய் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பொய் சொல்கிறவரோடு முப்பது வருஷம் சண்டை போட்டுப் பழக்கம் உண்டு. இது பொய்யே இல்லை.

பிஷப்பை எடுத்து, சிப்பாய் விலகிய சந்தில் வைத்தார். டக் என்ற அந்தச் சத்தம் மட்டும் பழைய சந்தானம். இந்த நகர்த்தல் அவளுக்குத் தெரியும். பிஷப் இப்போது அவருடைய வலது பக்கத்திலிருந்து குறுக்கே, பலகையின் மொத்த மூலைவாட்டத்துக்கும், தடையில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பார்வை போய் முடிகிற இடத்தில் அவளுடைய சிப்பாய், அவருக்கு இடது கோடியில், நிற்கிறது. அடுத்த முறை அதை வெட்டியே ஆக வேண்டும். வெட்டினால் அவள் பிஷப் திருப்பி வெட்டும், அப்புறம் அதே கோட்டில் ஓடி மூலையில் இருக்கும் அவர் யானையையும் விழுங்கித் தொலைக்கும், கொழுத்த காயெல்லாம் அவர் கையை விட்டுப் போகும், ஜெயிப்பார். பழைய கணக்கு. விரல் தானாக வைத்துவிட்டது. ஆனால் கோடு எங்கே போகிறதென்று அவருக்குத் தெரியுமா? அவள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ராஜாவின் சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் முன்னால் தள்ளினால் அது பிஷப்பின் வழியில், பலகையின் நடுவில் வந்து நிற்கும். நடுவில் இருந்தால் ஒருவேளை பார்ப்பார். தட்டைத் திருப்பிவைக்கிற அதே வேலை. விரல் அந்தச் சிப்பாய்மேல் போய் நின்றது. தள்ளினால் வெட்டுவார், ஆட்டம் நடக்கும், ஒருவேளை அவரே ஜெயிப்பார், சாயங்காலம் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு கீழே இறங்கி அந்தக் கதவைத் திறப்பார், அவள் சுற்றிப்போய் அந்தப் பக்கம் உட்காருவாள். அந்தப் பக்கம். இந்த நாட்டில் ஓட்டுகிறவன் வலது பக்கம், பெண்டாட்டி இடது பக்கம். காரில் ஏறிக் கதவைச் சாத்திய நிமிஷம் அவள் அவர் உலகத்திலேயே இல்லை.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு. "சும்மா காய்கறிக் கடை வரைக்கும், வண்டி நின்னு நின்னு பேட்டரி போயிடும் வசு." ஏன் ஏறினாள்? நாற்காலியை மாற்றிப் போட்ட புத்திசாலிக்குக் காரை மாற்றிப் போட முடியாது என்பது ஏன் உறைக்கவில்லை? வயலூர் ரோட்டில் வெயில். அவர் நன்றாகத்தான் ஓட்டினார், கியர் எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுந்தது, அவள்கூட ஒரு நிமிஷம் சீட்டில் சாய்ந்தாள். பிறகு வண்டி மெல்ல மெல்ல அவள் பக்கமாகவே ஒதுங்குவது தெரிந்தது. ஒரு டீக்கடை பெஞ்சு அவள் கதவை உரசுகிற தூரத்தில் போனது. பிறகு குழாயடி. வரிசையாகக் குடங்கள். ஒருத்தி இடுப்பில் குடத்தோடு திரும்பினாள். பச்சைக் குடம். என்னங்க, என்றாளா? என்றாள். சத்தம் வந்ததா? டப் என்று ஒரு ஓசை, அவள் பக்கத்துக் கார்க் கண்ணாடி மடங்கி உடைந்து தொங்கியது. "என்ன அது?" என்றார், வலது பக்கம் பார்த்து. "கல்லு," என்றாள். ஏன் கல் என்றாள்? வாயில் அதுதான் வந்தது. திரும்பிப் பார்த்தபோது பச்சைக் குடம் ரோட்டில் உருண்டுகொண்டிருந்தது, தண்ணீர் பின்னாலேயே ஓடிற்று, அந்தப் பெண் எழுந்து நின்று இடுப்பில் கைவைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். அதைப் பார்த்தாள் வசுமதி, கண்ணால் பார்த்தாள். மறுநாள் நினைத்தபோதும் நின்றாள். அதற்கு மறுநாள், திட்டுகிற வாய் இல்லை, இடுப்பில் கை மட்டும். பிறகு ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது, நின்றது வேறு ஒருத்தியோ என்று தோன்றியது. நீலப் புடவை இல்லையோ நின்றவள் கட்டியிருந்தது? குடத்தோடு திரும்பியவள் நீலமா? இப்போதெல்லாம் குடம் மட்டும்தான் உருளுகிறது, ரோடு காலியாக இருக்கிறது. அன்றிலிருந்து தினமும் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தை அவர் கைக்குப் போகுமுன் எடுத்துப் படித்துவிடுகிறாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததில் என்ன நிம்மதி? குழாயடியில் விழுந்தவளுக்கெல்லாமா பேப்பர்க்காரன் வருவான்? சமையலறையில் குழாயைத் திறந்தால் குடம் நிரம்புகிற சத்தம் கேட்கிறது, வீட்டில் குடமே கிடையாது, எல்லாம் கேன் தண்ணீர். அவருடைய இடது பக்கத்தில் இப்போது கூட்டம் அதிகம். ஆறிப்போன பொரியல், வழிக்காத கன்னம், அவர் பார்க்காத ஜன்னல், அதில் வந்து உட்காரும் மைனா, உடைந்த கண்ணாடி, குடத்துக்காரி. எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள், அவர் திரும்பட்டும் என்று. ஒரு நாள் சோதித்துப் பார்க்க அவளும் போய் நின்றாள். பட்டப்பகல், பதினோரு மணி வெயில், டிவி ஓடிக்கொண்டிருந்தது. இடது தோளுக்குப் பக்கத்தில், மூச்சு படுகிற தூரத்தில் நின்றாள். "வசு!" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினார். "இங்கதான் இருக்கேன்," என்றாள். வலது பக்கம் திரும்பினார், முழுசாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார், பிறகு காதைத் தடவிக்கொண்டு டிவி பார்த்தார். கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் நினைவுக்கு வந்தாள். வராந்தாவில் வரிசை கொஞ்சம் கோணினால் முழங்கையைக் கிள்ளுவாள். கீப் லெஃப்ட், கேர்ள்ஸ், கீப் லெஃப்ட். ஒருமுறை நிஜ பிஷப்பே வந்தபோது மொத்தப் பள்ளிக்கூடமும் இடது சுவரோடு ஒட்டி நின்றது, அந்தப் பெரியவர் வலது பக்கம் இருந்த பூத்தொட்டிகளைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டே போய்விட்டார். பன்னிரண்டு வருஷம் கிள்ளுப்பட்டுப் படித்ததெல்லாம் இதற்குத்தானா? சுவரோடு ஒட்டி, சத்தம் போடாமல், கடந்து போகிறவர் கண்ணில் படாமல் நிற்க.

"என்ன, தூங்கிட்டியா? காயை வைம்மா." குரலில் பழைய குத்தல். நன்றாக இருந்தது கேட்க. அதனாலேயே கோபம் வந்தது. ராஜாவின் சிப்பாயிலிருந்து விரலை எடுத்தாள். "தொட்டுட்ட." "தொடல, யோசிச்சேன்." "யோசிக்கிறதுக்கு விரல் எதுக்கு?" "எனக்கு விரல்லதான் மூளை, போதுமா?" இந்தப் பக்கம், அவர் பார்க்கிற பக்கம் இருந்த குதிரையைத் தூக்கி முன்னால் வைத்தாள். ஆயிற்று. திருப்பிவைக்கவில்லை. இடது கோடியில் அந்தச் சிப்பாய் இருந்த இடத்திலேயே நின்றது. குக்கர் முதல் விசில் விட்டது. அவர் பலகையைப் பார்த்தார். பாருங்கள். பார்த்துவிடுங்கள், சந்தானம். மனசுக்குள் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பார்த்துவிட்டால்? பார்த்து வெட்டிவிட்டால் தேறிவிட்டார் என்று அர்த்தம், டாக்டர் பொய், தட்டைத் திருப்பியதெல்லாம் அவள் பைத்தியம், தஞ்சாவூர் போகலாம், வழியில் கும்பகோணம் டிகிரி காபி போர்டு வைத்த கடையில் நிறுத்திக் கழுநீர் மாதிரி ஒன்றைக் குடிக்கலாம். பார்க்காவிட்டால் அவர் சட்டப்படி அவர் அவுட், சாவி அவளிடம், ரோட்டில் ஒரு குடமும் உருளாது. எது வேண்டும் உனக்கு, வசுமதி? எது வந்தாலும் இந்த இரண்டு பேரில் ஒரு ஆள் போகிறார். அவர் கை காய்களின் மேல் அலைந்தது, குதிரை, யானை, ஓரத்துச் சிப்பாய், மறுபடி குதிரை. நடுவில் வந்ததும் கை நின்று திரும்பிற்று. சுவரில் முட்டிய மாதிரி. அங்கே சுவர் இல்லை, பாதிப் பலகை இருக்கிறது, பாதி வீடு, பாதித் தெரு இருக்கிறது. "ஆஹா," என்றார். பிஷப்பை எடுத்தார். கோட்டிலேயே கொண்டுபோனார், ஒரு கட்டம், இரண்டு கட்டம், பலகையின் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம், கடைசிக் கட்டத்தில், அவர் உலகம் முடிகிற இடத்தில், டக் என்று வைத்தார். "இந்தா, உன் குதிரைக்குத் தீனி. எவ்வளவு பெரிய மனசு பாரு எனக்கு. வெட்டு, வெட்டு, வேற வழி கிடையாது உனக்கு." சின்னப் பையன் மாதிரி சிரித்தார். குதிரையால் வெட்டலாம்தான். வெட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம், அவளும் பார்க்காத மாதிரி. நாக்கில் அந்தக் கேள்வி வந்து நின்றது. கண்ணு எங்க இருந்துச்சு? பிரசன்னாவுக்காக ஒரு தரம், வைத்த குழம்பில் உப்பு இல்லை என்று விருந்தாளி முன்னால் சொன்னதற்காக ஒரு தரம், எத்தனை தரத்துக்கு வட்டியும் முதலுமாகக் கேட்கலாம். விழுங்கினாள்.

நைட்டி பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து, இடது கோடியில், அந்தச் சிப்பாயின் காலடியில் வைத்தாள். "சாவி போர்டு மேலதான் இருக்கு. எடுத்துக்கோங்க." அவர் நிமிர்ந்தார். "நான் இன்னும் ஜெயிக்கலையே?" "பரவாயில்ல. எடுத்துக்கோங்க." "எங்க?" "கண்ணு முன்னாலதாங்க." அவர் பார்த்தார். குனிந்து பார்த்தார். பலகையின் கீழே, மடியில், வலது பக்கத் தரையில் பார்த்தார். "விளையாடாத வசு." "நான் விளையாடல." குக்கர் அடுத்த விசில் விட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை. சிரிப்பு அவர் முகத்தில் இன்னும் இருந்தது, எடுத்து வைக்க மறந்துபோன சாமான் மாதிரி. பிறகு என்ன நினைத்தாரோ, ஆள்காட்டி விரலைத் தன் பிஷப்பின் தலையில் வைத்தார். அங்கிருந்து மரத்தின் மேல் விரலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனார், அதே மூலைவாட்டத்தில், மெதுவாக, ஒரு கட்டம். கண் பின்னால் வரவில்லை, விரல் மட்டும் போனது. இன்னும் ஒரு கட்டம். பிஷப் எந்த வழியில் போகும் என்பது விரலுக்குத் தெரிந்திருந்தது, கண்ணுக்குத்தான் போய்விட்டது. சிப்பாயில் இடித்தது. சிப்பாய் விழுந்து உருண்டது. விரல் சாவியின் பல்லைத் தடவி, வளையத்தைத் தடவி, அங்கேயே நின்றது. அவர் எடுக்கவில்லை. "வெட்டியிருக்கணும்," என்றார். "ஆமா." "எவ்வளவு நாளா?" "ஆஸ்பத்திரிலேருந்தே." "பிரசன்னாவுக்குத் தெரியுமா?" "யாருக்கும் தெரியாது." "நீ என்னத்துக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். இப்போது திட்டுவார் என்று நினைத்தாள். அழுவாரோ என்றும் நினைத்தாள். அதற்கு அவளிடம் ஏற்பாடு இல்லை. அவர் அவளைப் பார்க்காமல், சாவி மேலிருந்து விரலையும் எடுக்காமல் கேட்டார்: "அன்னிக்கு அது கல்லு இல்ல. இல்லியா?"

அடுத்த விசில். எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். போய்வருகிற நேரத்தில் கேள்வி போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ, அது நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தது. "குடம்," என்றாள். "குடம் மட்டுமா?" அந்தப் பெண் எழுந்து நின்றாள், இடுப்பில் கைவைத்துத் திட்டினாள், நான் பார்த்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். இத்தனை நாள் தனக்கே சொல்லிக்கொண்டு, சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம். அவரிடம் சொன்னால் அவர் நம்பிவிடுவார், தட்டைத் திருப்பினால் சாப்பிடுகிற மாதிரி. "தெரியல," என்றாள். அவர் தலையை ஆட்டினார். விரலுக்குக் கீழே இருந்த சாவியைப் பற்றி, அவள் இருக்கும் திசையில் நகர்த்தினார். "சட்டையை மாத்துங்க," என்றாள், வழக்கமான குரல் எப்படியோ வந்துவிட்டது, "ஆட்டோவைக் கூப்பிடறேன்." "தஞ்சாவூருக்கா?" "தஞ்சாவூருக்கு யாராவது ஆட்டோல போவாங்களா? குழாயடிக்கு. அங்க போய்க் கேப்போம்." "என்னன்னு கேப்ப?" "அதெல்லாம் போற வழியில யோசிச்சுக்கலாம், முதல்ல பட்டனைச் சரியாப் போடுங்க." கீழ்ப் பட்டன் மேல் துளையில் ஏறியிருந்தது. அவிழ்த்துப் போட்டுவிட்டாள். புடவையைச் சுற்றிக்கொண்டு வந்தபோது ஆட்டோக்காரன் வாசலில் ஹாரன் அடித்தான். படியில் அவர் வலது கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொள்வதற்காக. வசுமதி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள், பொரியலும் மைனாவும் உடைந்த கண்ணாடியும் பச்சைக் குடமும் நிற்கிற பக்கம், அங்கே மறந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்த இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அது குளிர்ந்திருந்தது. அவர் நின்றுவிட்டார். நேரே தெருவைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்தி, "யாரது?" என்றார்.